பியூஸைப் பெரிதாக்காதீர், பழுதைத் தேடுங்கள்!

அடைமழைக் காலம் தொடங்கிவிட்டால் தோட்டத்துப் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி ஒரே புகார்தான் காதில் விழுகிறது. "முன் கண்ணாடியில் ஆவி படிகிறது, புளோவர் விசிறி ஓடவில்லை" என்பதே அது.

இந்தப் புகாருக்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. "வண்டிதான் ஓடுகிறதே, விசிறி எதற்கு?" என்பது ஒன்று. "பழைய வண்டி, மோட்டார், சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்பது மற்றொன்று. "பியூஸ் தாங்கவில்லை, பெரியதாக ஒன்றைப் போட்டுவிடு" என்பது மூன்றாவது. முதல் பதில் அலட்சியம். இரண்டாவது வீண்செலவு. மூன்றாவதோ வண்டிக்குள் கொள்ளி வைக்கும் வேலை. இம்மூன்றையும் தள்ளிவிட்டு, பழுது எங்கே இருக்கிறது என்பதை முறையாகத் தேடிக் கண்டுபிடிப்பதே சரியான வழி என்பது நமது உறுதியான கருத்து. அந்த வழி படிப்பாளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு சிறு விளக்கும் இரண்டு துண்டு வயரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நம்மில் யாரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

விசிறி ஆடம்பரமா?

குளிர் நாடுகளில் இந்த விசிறியை ஹீட்டர் விசிறி என்பார்கள். எஞ்சினில் சூடாகும் தண்ணீர் ஒரு சிறு ரேடியேட்டர் வழியாக வண்டிக்குள் வந்து போகும். அதன் சூட்டை விசிறி ஊதிக் கொடுக்கும். நமது நாட்டில் சூடு தேவையில்லை. ஆனால் அதே இடத்தில், அதே வயர்களோடு, அதே விதமான விசிறிதான் நம் வண்டிகளில் ஏர்கண்டிஷன் காற்றை ஊதுகிறது. பெயர்தான் வேறு, பழுதும் மருந்தும் ஒன்றே.

விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் வண்டியை நினைத்துப் பாருங்கள். வெளியே கொட்டும் மழையில் கண்ணாடி குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே நனைந்த சட்டையோடு நாலைந்து பேர். அவர்களுடைய மூச்சிலும் துணியிலும் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீர்த்துளிகளாகப் படிந்துவிடுகிறது. கண்ணாடிக்கு வெளிப்புறத்தைத் துடைக்க வைப்பர் இருக்கிறது. உட்புறத்தைத் துடைக்க இருப்பது இந்த விசிறி ஒன்றுதான். ஏர்கண்டிஷனில் ஈரம் நீங்கிய காற்றைக் கண்ணாடியின்மேல் ஊதினால் சிறிது நேரத்தில் ஆவி மறைந்துவிடும். விசிறி நின்றுபோனாலோ, டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் பழந்துணியுமாகத்தான் ஓட்ட வேண்டும். செம்மண் பாதை, விளக்கில்லாத வளைவு, எதிரே பின்விளக்கு முன்விளக்கு எதுவுமில்லாத மோட்டார் சைக்கிள், ஓரத்தில் பள்ளிக்கூடப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள். இந்த நிலையில் விசிறியை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் அவர் அந்த வண்டியில் ஒரு நாளாவது மழையில் போய்வரட்டும், பிறகு பேசுவோம்.

பால் வரும் வழியும் மின்சாரம் வரும் வழியும்

மின்சாரம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. பால்மரம் வெட்டத் தெரிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். மங்கில் பால் விழவில்லை என்றால் அனுபவமுள்ள பால்வெட்டுக்காரர் என்ன செய்வார்? உடனே மங்கை மாற்றுவாரா? மாற்றமாட்டார். மங்கிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போவார். தகடு விலகியிருக்கிறதா, கோட்டில் பால் உறைந்து அடைத்திருக்கிறதா, வெட்டு ஆழமாக விழுந்ததா, மரமே பால் தரவில்லையா என்று ஒவ்வொரு படியாகச் சோதிப்பார். எந்த இடம்வரை பால் வருகிறது, எந்த இடத்துக்கு அப்பால் வரவில்லை என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது.

விசிறிக்கும் அதே முறைதான். பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பெரிய பியூஸைக் கடந்து, சாவி சுவிட்ச், ரிலே, விசிறிக்குரிய பியூஸ் ஆகியவற்றின் வழியாக மோட்டாருக்கு வருகிறது. பல ஜப்பானிய பிக்கப்களில் அது மோட்டாரைக் கடந்தபின் ரெசிஸ்டர், வேக சுவிட்ச் ஆகியவற்றின் வழியாக வண்டியின் இரும்பு உடம்பைச் சேர்ந்து பாட்டரிக்குத் திரும்புகிறது. பல அமெரிக்க வண்டிகளில் ரெசிஸ்டரும் சுவிட்சும் மோட்டாருக்கு முன்னாலேயே இருக்கும். வரிசை மாறலாம், ஆனால் போகும் வழியும் திரும்பும் வழியும் இரண்டுமே முழுதாக இருந்தால்தான் விசிறி சுழலும் என்பது மாறாது. நம்மவர்கள் பெரும்பாலும் போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டு, "மின்சாரம் வருகிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். திரும்பும் வழியில், அதாவது எர்த் வயரில், துருப்பிடித்த ஒரு திருகாணிக்காக நல்ல மோட்டாரைத் தூக்கி எறிந்த பட்டறைகள் எத்தனையோ!

முதலில் கேட்க வேண்டியது

கருவிகளை எடுப்பதற்கு முன்னால் டிரைவரைக் கேளுங்கள். எந்த வேகத்தில் ஓடவில்லை? இந்த ஒரு கேள்வியே பாதிப் பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்களில் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரைப் பாருங்கள். குறைந்த வேகங்களுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்துவது அதுதான். உச்ச வேகத்தில் மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும். குறைந்த வேகங்களில் ஓடி உச்ச வேகத்தில் மட்டும் நின்றுபோனால் சுவிட்சின் அந்தப் படியையோ, அதற்கெனத் தனி ரிலேயும் பியூஸும் உள்ள வண்டியானால் அவற்றையோ பார்க்க வேண்டும். எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டார், எர்த் ஆகிய நான்கில் ஒன்று. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது ஓடி, பிறகு நின்றுவிடுகிறது என்றால் எங்கோ ஒரு பிளக் தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டு தேய்ந்திருக்கிறது. மோட்டாரின் உடம்பில் ஸ்குரூடிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் கரித்துண்டின் கோளாறுதான்.

ரெசிஸ்டர் எரிந்திருந்தால் புதியதை வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது காற்றுப் பாதைக்குள் உட்கார்ந்திருப்பதே விசிறிக் காற்றில் குளிர்வதற்காகத்தான். காய்ந்த இலையும் தூசியும் அடைத்துக் காற்று குறைந்தாலோ, மோட்டாரின் பேரிங் இறுகி அதிக மின்சாரத்தை இழுத்தாலோ ரெசிஸ்டர் மீண்டும் எரியும். மூலத்தை விட்டுவிட்டு நோயின் அடையாளத்துக்கு மருந்து போடுவதனால் பயனில்லை.

விளக்கைக் கொண்டு தேடுதல்

12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களை இணைத்தால் சோதனை விளக்கு தயார். ஒரு முனையை வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் பிடித்துக்கொண்டு, சாவியையும் விசிறி சுவிட்சையும் போட்டுவிட்டு, மறு முனையால் பியூஸின் இரு பக்கங்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் எரியாவிட்டால் பழுது அதற்கும் முன்னால், ரிலேயிலோ சாவி சுவிட்சிலோ பெரிய பியூஸிலோ இருக்கிறது.

பியூஸ் நல்லதானால் மோட்டாருக்குப் போங்கள். பெரும்பாலும் அது இடப்பக்க இருக்கைக்கு முன்னால், சாமான் பெட்டிக்குப் பின்னே இருக்கும். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை உச்ச வேகத்தில் வைத்து, விளக்கின் இரு முனைகளையும் பிளக்கின் இரு வாய்களிலும் வையுங்கள். நன்றாக எரிந்தால் பெரும்பாலும் மோட்டார்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் ஒரு முனையை இரும்பில் பிடித்து, மறு முனையால் வாய்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் எரிந்தால் மின்சாரம் வந்து சேர்கிறது, திரும்பும் வழிதான் அறுந்திருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் வரும் வழியே அறுந்திருக்கிறது. மோட்டாரின் மேல் சந்தேகம் தீரவில்லையா? பியூஸ் வைத்த தனி வயர் போட்டுப் பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுழன்றால் அது குற்றமற்றது.

மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பலாமா?

இங்கே நம்மில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். பிளக்கை மாட்டினால் விசிறி ஓடாது. "மீட்டர் சரி என்கிறதே!" என்று தலையைச் சொறிவார்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்த கயிறும் பாரம் இல்லாதபோது நேராகத்தான் தொங்கும். பாரம் ஏற்றினால்தான் அதன் யோக்கியதை தெரியும். மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுப்பதில்லை. ஆகவே ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் அதனிடம் நல்ல வயராக நடிக்கும்.

ஜெர்மானியரான ஓம் என்பவர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு இங்கே நமக்கு உதவுகிறது. மின்சாரத்தைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் இழக்கும் வோல்ட் கிடைக்கும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே 15 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. அந்த 3 வோல்ட்டும் 15 ஆம்பியரும் சேர்ந்து 45 வாட் சூடாக மாறுகின்றன. ஈயம் பற்றவைக்கும் கருவியின் சூட்டுக்கு அது ஈடு! நகக்கண் அளவுள்ள இணைப்பில் அவ்வளவு சூடு ஏறினால் பிளக் உருகிக் கருகுவதில் வியப்பென்ன?

ஆகவே எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சை உச்ச வேகத்தில் வைத்து, பாரம் ஏறிய நிலையிலேயே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை மோட்டாரிலிருந்து வெளியேறும் வயரிலும் வைத்தால் அரை வோல்ட் அளவுக்கு மேல் காட்டக் கூடாது. 2, 3 வோல்ட் காட்டினால் திரும்பும் வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. பிறகு ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக்கொண்டே போனால் திருடன் அகப்படுவான். கூட்டுத்தொகை ஒத்துவராத செக்ரோலை வரி வரியாகப் பார்த்துச் செல்லும் கிராணிமார்களுக்கு இந்த வேலை புதியதன்று.

பியூஸ் யாருக்குக் காவல்?

இப்போது மூன்றாவது பதிலுக்கு வருவோம். பியூஸ் மோட்டாருக்குக் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வயருக்குக் காவல். ஒரு வயர் எவ்வளவு மின்சாரத்தைச் சூடேறாமல் தாங்குமோ அதற்குத் தக்கபடிதான் பியூஸின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். தகட்டு பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையை வைத்தாலும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைத்தாலும், அறுந்துபோக வேண்டிய பியூஸ் அறுந்துபோகாது. அதற்குப் பதிலாக டாஷ்போர்டுக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாத வயர் சிவந்து எரியும். காவற்காரன் கூச்சலிடுகிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகும் வீட்டுக்காரனை என்னென்பது?

பியூஸ் காரணமின்றி அறுவதில்லை. ஒன்று, மோட்டார் இறுகி அளவுக்கு மேல் இழுக்கிறது. அல்லது வயரின் தோல் எங்கோ இரும்பில் உரசித் தேய்ந்து உடம்பைத் தொடுகிறது. முதலாவதைக் கண்டுபிடிக்க விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தாலே போதும். இரண்டாவதைத் தேடப் பியூஸ்களை ஒவ்வொன்றாக எரித்துக் காசை வீணாக்க வேண்டாம். மோட்டாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணையுங்கள். வயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். ஐந்து ஆம்பியருக்கு மேல் அது விடாது என்பதால் வயருக்குத் தீங்கில்லை. பிறகு வயர் கட்டை அங்கங்கே அசைத்தும், பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும் வாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது விளக்கு அணைகிறதோ அங்கேதான் பழுது.

கண்டுபிடித்த வயரைச் சரியாகவும் கட்ட வேண்டும். இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றுவது வேலையாகாது. மழை ஈரத்தில் அது மீண்டும் துருப்பிடிக்கும். அதே கனமுள்ள வயரைப் போட்டு, ஈயம் பற்றவைத்தோ உரிய இணைப்பை இறுக்கியோ, மேலே காப்புக் குழாய் மாட்ட வேண்டும். இரும்புத் தகட்டின் ஓட்டை வழியே வயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாழ்நாளெல்லாம் ரப்பரோடு உழைக்கும் நமக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. வயரை வெட்டி ஒட்டும் வேலையில் இறங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதும், விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றுவதும் கட்டாயம். ஏர்பேக் உள்ள வண்டியானால் மஞ்சள் நிறப் பிளக்குகளின் அருகே கையே போகக் கூடாது. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

பொறுப்பு யாருடையது?

இவ்வளவையும் நாம் எழுதுவது, பழுது பார்க்கும் சுமையை டிரைவரின் தலையில் கட்டுவதற்காக அன்று. வேலைக்குரிய வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமைகளில் கருவிகளையும் வேலை முறைகளையும் பாதுகாப்பாகப் பராமரிப்பதை முதலில் வைத்திருக்கிறது. அச்சட்டப்படி பாதுகாப்புக்காகச் செய்யும் காரியங்களின் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் கூடாது. 2022இல் நிறைவேறி 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளவும் இடம் தருகிறது.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. "விசிறி சரியில்லை" என்று வாய்மொழியாகச் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். "இன்ன தேதி, இன்ன வண்டி, உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது" என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்த புகாரை யாரும் மறுக்க முடியாது. பழுதைப் பற்றித் தெரிந்தவர் எழுதும் புகாருக்கு மதிப்பும் அதிகம். "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று பட்டறை நீட்டும் பட்டியலைப் பார்த்து, "எர்த் வயரை அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரு டிரைவர் கேட்டுவிட்டால் அந்தப் பட்டியல் பாதியாகச் சுருங்கும். சொந்தமாகப் பழைய பிக்கப் வாங்கி, பாதிச் சம்பளத்தை அதன் பட்டறைச் செலவுக்கே கொடுத்துக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கும் இந்த அறிவு கைகொடுக்கும்.

எழுதத் தெரிந்த கிராணிமார்கள் எழுதாத டிரைவருக்கு அந்தப் புகாரை எழுதிக் கொடுங்கள். வயர் வேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் நாலு பேரைச் சேர்த்து, பழைய மோட்டார் ஒன்றை வைத்து, விளக்கைக் கொண்டு தேடும் முறையைக் காட்டுங்கள். இன்றைக்கே ஒவ்வொருவரும் தத்தம் வண்டியின் பியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் எழுதியுள்ள அளவும் உள்ளே இருக்கும் நிறமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராத பியூஸையும் ஈயத்தாளையும் உடனே எடுத்துவிடுங்கள். விசிறி நின்றுபோனால் நின்றுபோகட்டும். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை மழையில் அந்த வண்டியை ஆட்களோடு அனுப்ப வேண்டாம்.